ஈ4-க்குக் கறுப்பில் எதை ஆடுவது? நான்கு தொடக்கங்களும் ஒரு தேர்வும்

செஸ்ஸில் வெள்ளை முதல் நகர்வாக ஈ4 ஆடுகிறது, அதாவது ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கறுப்பில் உட்கார்ந்திருப்பவர் என்ன பதில் சொல்வது? கடலூரிலும் புதுச்சேரியிலும் வார இறுதிப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனைத் தோற்கடித்து குகேஷ் உலகப் பட்டம் வென்றதிலிருந்து இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். முன்பு "எந்தக் கோச்சிடம் சேர்க்கலாம்?" என்று மட்டும் விசாரித்தவர்கள் இப்போது "சிசிலியன் நல்லதா, ஃபிரெஞ்ச் நல்லதா?" என்று தொடக்கங்களை, அதாவது ஆட்டத்தின் முதல் நகர்வு வரிசைகளை, பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய சந்தோஷம்.

இந்த முறை கேட்டது என் அக்கா மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள், மஞ்சக்குப்பத்தில் வீடு, ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் 1500-ஐ ஒட்டி நிற்கிறது. சின்ன வயதிலிருந்து ஈ4-க்கு ஈ5 ஆடி வந்தவள்.

"மாமா, டிங் லிரென் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்லயே ஃபிரெஞ்ச் ஆடி ஒரு ஆட்டத்துல குகேஷை ஜெயிச்சாரே. நானும் அதுக்கு மாறிடட்டுமா?"

"இப்ப வேண்டாம்மா. காரோ-கானுக்கு மாறு. ஃபிரெஞ்சை அப்புறம் பார்த்துக்கலாம்."

காரணம் சொல்லாமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நியாயம்தான். ஒரு தொடக்கத்தைப் பிடித்தால் மூன்று நான்கு வருடம் அதோடுதான் குடித்தனம். அவளுக்குச் சொன்ன காரணங்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கட்டங்களின் பெயரை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்களை எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தொடக்கத்தை எதிரே இருக்கும் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2000-இல் லண்டனில் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவை எதிர்கொண்ட கிராம்னிக், பெர்லின் தடுப்பை எடுத்தார். ஈ4-க்கு ஈ5 ஆடிய பிறகு வரும் ருய் லோபஸ் தொடக்கத்தில் கறுப்பு மூன்றாவது நகர்வில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருவது அது. அதன் முக்கியமான கிளையில் எட்டாவது நகர்விலேயே ராணிகள் இரண்டும் வெளியே போய்விடும்; கறுப்பு ராஜா கேஸ்லிங் செய்ய (யானையோடு சேர்ந்து ஓரத்துக்கு நகர்ந்து பாதுகாப்பாக ஒதுங்க) முடியாமல் டி8-இல் நிற்கும். பார்ப்பதற்குக் கறுப்புக்கு அசௌகரியமான நிலை போலத் தெரியும். ஆனால் ராணிகள் போர்டில் இருக்கும்போதுதான் காஸ்பரோவின் தாக்குதலுக்குப் பலம். கிராம்னிக் அந்த ராணிகளையே அப்புறப்படுத்தினார். அந்த மேட்சில் நான்கு முறை பெர்லின் வந்தது, நான்கும் டிரா. காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 8.5–6.5 என்று பட்டத்தை இழந்தார்.

2013 நவம்பரில் நம் சென்னையிலேயே கார்ல்சன் அதே ஆயுதத்தை ஆனந்துக்கு எதிராக எடுத்தார். ஆனந்த் வெள்ளையில் ஈ4 ஆடிய நான்கு ஆட்டங்களில் மூன்றில் பெர்லின், ஒன்றில் காரோ-கான். மூன்று டிரா, ஒரு தோல்வி. ஒன்பதாவது ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டிய நிலையில் ஆனந்த் ஈ4-ஐ விட்டுவிட்டு டி4-க்குப் போனார்.

இதைப் பார்த்து நம் பிள்ளைகள் பெர்லினுக்கு மாறினால் பலன் இருக்காது. இரண்டு பேர் மட்டும் பன்னிரண்டு, பதினான்கு ஆட்டம் மோதும் மேட்சில் கறுப்பில் டிரா செய்தால் அது பாதி வெற்றி. சுற்றுக்குச் சுற்று வேறு எதிராளியோடு மோதும் ஒன்பது சுற்று ஸ்விஸ் போட்டியில் கணக்கே வேறு. நம்மைவிட 150 புள்ளி குறைந்த பையனோடு அரைப் புள்ளி வாங்கினால் ரேட்டிங்கும் இறங்கும், பரிசுப் பட்டியலும் எட்டாமல் போகும். அதனால் சாம்பியன்களின் நகர்வுகளை அப்படியே எடுத்து ஆட வேண்டாம். அந்த ஆட்டங்களில் சிப்பாய்கள் எப்படி நிற்கின்றன, அந்த நிலையில் எந்தக் காயை எங்கே கொண்டுபோகிறார்கள், எந்தச் சிப்பாயை எப்போது தள்ளுகிறார்கள் என்பதைப் படிக்க வேண்டும். அது 1500-க்கும் உதவும், 2500-க்கும் உதவும்.

நம் பக்கத்து நிலவரம் இது. போட்டிகளில் பெரும்பாலானவை ரேபிட். கல்யாண மண்டபத்திலோ பள்ளி ஹாலிலோ காலையில் தொடங்கி சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஒருவருக்குப் பதினைந்து இருபது நிமிடம், நகர்வுக்குச் சில விநாடி கூடுதல். ஐந்து நாள் நடக்கும் கிளாசிக்கல் போட்டிக்குப் போக வேண்டுமானால் பள்ளிக்கு லீவு போட வேண்டும், தங்க இடம் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் பல வீடுகளில் முடியாது. பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு டியூஷன் போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் செஸ்ஸுக்குக் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு மணியிலும் பாதியைப் புதிர்களுக்கும் ஆட்டத்தின் கடைசிக் கட்டமான எண்ட்கேமுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. மீதியில்தான் தொடக்கம். ஆகவே வெள்ளை எத்தனை வழிகளில் விலகிப் போக முடியும், ஒரே மாதிரி சிப்பாய் அமைப்பு திரும்பத் திரும்ப வருமா, கடிகாரம் ஓடும்போது யோசிக்காமலே ஆடக்கூடிய நகர்வுகள் எத்தனை இருக்கும் என்ற கேள்விகளோடு சிசிலியன், ஈ5, ஃபிரெஞ்ச், காரோ-கான் நான்கையும் பார்த்தேன்.

சிசிலியன், அதாவது சி5. கறுப்பில் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் காலங்காலமாக எடுத்த ஆயுதம். 1985-இல் மாஸ்கோவில் நடந்த கார்ப்போவ்–காஸ்பரோவ் மேட்சின் 16-ஆவது ஆட்டத்தை எல்லோரும் ஒருமுறை போர்டில் ஆடிப் பார்க்க வேண்டும். காஸ்பரோவ் எட்டாவது நகர்விலேயே டி5 தள்ளி ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்கிறார். 16-ஆவது நகர்வில் அவருடைய குதிரை டி3-இல் போய் உட்காருகிறது. அதன் பிறகு வெள்ளையின் யானைகளுக்கு நல்ல கட்டமே இல்லை. ஏ3-இல் ஒதுங்கிய வெள்ளைக் குதிரை வெகுநேரம் வெளியே வர வழியில்லாமல் தவிக்கிறது. அதே மேட்சின் கடைசி ஆட்டத்திலும் சிசிலியன்தான். பட்டத்தைக் காப்பாற்ற கார்ப்போவ் ஜெயித்தே ஆக வேண்டும். காஸ்பரோவ் கறுப்பில் ஜெயித்து 22 வயதில் சாம்பியன் ஆனார். 2018-இல் கார்ல்சனும் கருவானாவும் பன்னிரண்டு கிளாசிக்கல் ஆட்டங்களையும் டிரா செய்தபோது, கறுப்பில் கார்ல்சன் நம்பியிருந்தது சிசிலியனைத்தான்; மேட்சின் பின்பாதியில் அதன் ஸ்வெஷ்னிகோவ் கிளை. ரேபிட் டை-பிரேக்கரில் அதே கிளையில் கறுப்பில் ஒரு ஆட்டத்தை ஜெயித்து, மொத்தத்தில் 3–0 என்று முடித்தார்.

இவ்வளவு நல்ல ஆயுதத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? 1995-இல் நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். காஸ்பரோவும் ஆனந்தும் முதல் எட்டு ஆட்டங்களை டிரா செய்தார்கள். ஒன்பதாவதில் காஸ்பரோவின் சிசிலியனை உடைத்து ஆனந்த் முன்னிலை பெற்றார். பத்தாவதில் காஸ்பரோவ் வெள்ளையில் பதிலடி கொடுத்தார். பதினோராவதில் மீண்டும் கறுப்பு. இந்த முறை சிசிலியனுக்குள்ளேயே டிராகன் கிளைக்குத் தாவினார். அதில் ஜெயித்தார், 13-ஆவதிலும் டிராகனிலேயே ஜெயித்தார். சிசிலியன் ஆடுபவர் கையில் ஒன்று பழுதானால் எடுக்க இன்னொன்று இருக்க வேண்டும். அந்த இன்னொன்றைத் தயாரிக்க காஸ்பரோவுக்கு உதவியாளர் குழு இருந்தது.

அதைவிட நம் மட்டத்தில் பெரிய சங்கடம் வேறு. சிசிலியனின் நைடார்ஃப் கிளையைப் பதினைந்து நகர்வு வரை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான் ஒரு பையன். எதிரே உட்காருபவர் இரண்டாவது நகர்வில் சி3 ஆடிவிடுகிறார். அடுத்த சுற்றில் இன்னொருவர் குதிரையை சி3-இல் வைத்து எஃப்4 தள்ளுகிறார். அதற்கடுத்தவர் டி4 தள்ளி சிப்பாயைத் தியாகம் செய்து ஸ்மித்-மோரா காம்பிட் ஆடுகிறார். இன்னொருவர் பிஷப்பை பி5-க்கு அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி திட்டம். படித்த நைடார்ஃப் நாள் முழுக்க போர்டுக்கு வரவே வராது. தினமும் மூன்று மணி நேரம் செஸ்ஸுக்கு ஒதுக்கக்கூடிய, ஒரு பயிற்சியாளர் கூடவே இருக்கிற பிள்ளைக்கு சிசிலியனைத் தாராளமாகச் சொல்வேன். அரை மணி நேரக்காரர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஈ5-ஐப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. புதிதாகக் கற்கும் எல்லாப் பிள்ளைகளும் முதல் இரண்டு வருடம் இதைத்தான் ஆட வேண்டும். மையத்தைப் பிடிப்பது, காய்களை வெளியே எடுப்பது, சீக்கிரம் கேஸ்லிங் செய்வது எல்லாம் இதில்தான் கையில் படியும். இத்தாலியனில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐ மிரட்டும் தாக்குதலில் இரண்டு தடவை அடி வாங்கிய பிள்ளைக்கு ராஜாவின் பாதுகாப்பைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அக்கா மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். இத்தாலியன், ஸ்காட்ச், வியன்னா, கிங்ஸ் காம்பிட், ருய் லோபஸ் என்று எதை ஆடுவது என்பதை வெள்ளைதான் முடிவு செய்கிறது. அவள் ஒவ்வொரு சுற்றிலும் எதிராளி விரும்பும் ஆட்டத்துக்கே இழுக்கப்படுகிறாள்.

ஈ5-க்குள்ளேயே பெட்ராஃப் என்ற வழி இருக்கிறது. வெள்ளைக் குதிரை எஃப்3 வந்ததும் நாமும் குதிரையை எஃப்6-க்கு எடுப்பது. 2018-இல் கருவானாவும் 2021-இல் நெப்போம்னியாச்சியும் கார்ல்சனுக்கு எதிராக அதைத்தான் நம்பினார்கள். 2021-இல் துபாயில் எட்டாவது ஆட்டத்தில் நெப்போம்னியாச்சி தோற்றது பெட்ராஃபில்தான் என்றாலும், அதற்குக் காரணம் அவர் பி சிப்பாயைத் தவறாகத் தள்ளியது. தொடக்கத்தின் மேல் குற்றம் இல்லை. மிகவும் உறுதியான தடுப்பு. ஆனால் சமமான, காய்கள் சீக்கிரம் வெட்டுப்படும் நிலைகள்தான் வரும். பிள்ளைகள் அதிலும் ஒரு குழியில் விழுவார்கள்: வெள்ளைக் குதிரை ஈ5-இல் வெட்டியதும் யோசிக்காமல் ஈ4-ஐத் திருப்பி வெட்டுவது. வெள்ளை ராணியை ஈ2-க்கு எடுக்கும். நம் குதிரை பயந்து எஃப்6-க்குத் திரும்பினால், வெள்ளைக் குதிரை சி6-க்குப் போகும். குதிரை விலகியதால் ராணியிடமிருந்து செக், குதிரையிடமிருந்து நம் ராணிக்கு அடி. ராணி போச்சு. முதலில் டி6 ஆடி அந்தக் குதிரையைத் துரத்திவிட்டு அப்புறம்தான் ஈ4-ஐ வெட்ட வேண்டும்.

இனி ஃபிரெஞ்ச். அவள் கேட்டது இதைத்தான், எனக்கும் மிகவும் பிடித்த தொடக்கம், ஆகவே இதை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நிறைய யோசித்தேன். ஈ4-க்கு ஈ6, டி4-க்கு டி5. வெள்ளை ஈ5 தள்ளினால் சி5 தள்ளி டி4-ஐ அடிவாரத்திலிருந்து அசைக்கிறோம்.

சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிராக டிங் மூன்று முறை ஃபிரெஞ்ச் ஆடினார். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் நல்ல பாடம் கிடைக்கும். 2024 நவம்பர் 25, முதல் ஆட்டம். குகேஷ் குதிரையை சி3-க்கு எடுத்து, ஈ5, எஃப்4 என்று இடம் பிடித்து, ராஜா பக்கத்தில் ஜி சிப்பாயையும் முன்னே தள்ளினார். டிங் அந்தப் பக்கம் போய் மல்லுக்கு நிற்கவில்லை. ராணி பக்கத்தில் தன் சிப்பாய்களையும் காய்களையும் நகர்த்தினார். வெள்ளையின் தாக்குதல் வந்து சேரும் முன் வெள்ளையின் பின்கட்டில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. 42 நகர்வில் கறுப்புக்கு வெற்றி. ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடி ஈ4, மறுபடி ஃபிரெஞ்ச். இந்த முறை குகேஷ் மூன்றாவது நகர்விலேயே டி5-இல் வெட்டி எக்ஸ்சேஞ்ச் கிளைக்குப் போனார், டிரா. 13-ஆவது ஆட்டத்தில் மூன்றாம் முறை. குகேஷ் முதல் ஆட்டத்தின் வழிக்கே திரும்பி வந்து, புது யோசனையோடு டிங்கைக் கடைசி வரை நெருக்கினார். டிங் துல்லியமாகத் தடுத்து டிரா செய்தார். பதினெட்டு வயதுப் பிள்ளை, தன்னைத் தோற்கடித்த அமைப்பை விட்டு ஓடாமல் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தது எனக்கு அந்தப் பட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆக ஃபிரெஞ்சின் பலம் தெளிவு. பெரும்பாலும் ஒரே அமைப்பு, ஒரே திட்டம்: டி4-ஐ அடி, சி5 தள்ளு, நேரம் பார்த்து எஃப்6 தள்ளு. கிளைகள் சிசிலியனைவிடக் குறைவு.

சிக்கல்களும் இருக்கின்றன. ஈ6 ஆடியதுமே சி8-இல் இருக்கும் பிஷப்பின் வழி அடைபட்டுவிடும். அதை எப்போது, எந்த வழியாக வெளியே எடுப்பது என்பதுதான் ஃபிரெஞ்ச் ஆடுபவரின் ஆயுட்காலக் கவலை. பி6 ஆடி ஏ6 வழியாக மாற்றிக்கொள்வது ஒரு வழி, டி7, ஈ8 என்று சுற்றி எச்5-க்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. இரண்டுக்கும் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். இன்னொன்று, இடம் குறைவாக இருப்பதால் ஒரு நகர்வு வரிசை பிசகினால் அடி பலமாக விழும். ஈ5 தள்ளிய கிளையில் வரும் ஒரு பொறியைப் போர்டில் வைத்துப் பாருங்கள்: சி5, சி3, குதிரை சி6, குதிரை எஃப்3, ராணி பி6, பிஷப் டி3. டி4-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்ட பிறகு அங்கே நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இலவசம் போலத் தெரியும். குதிரையால் வெட்டுகிறோம், வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டுகிறது, ராணியால் வெட்டுகிறோம். உடனே பிஷப் பி5, செக். பிஷப் விலகியதும் டி வரிசை திறந்து வெள்ளை ராணி நம் ராணியை எடுத்துவிடும். சிப்பாயைத் தொடுவதற்கு முன் பிஷப்பை டி7-இல் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ரேபிட்டில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போது இந்த டி7 ஞாபகத்துக்கு வர வேண்டும்.

கடிகாரம் என்றதும் 2023 அஸ்தானா. நெப்போம்னியாச்சிக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில் டிங் ஃபிரெஞ்ச் எடுத்தார். நன்றாகத்தான் ஆடினார். ஆனால் இடம் குறைந்த, ஒவ்வொரு நகர்வுக்கும் கணக்கு தேவைப்படும் நிலையில் நேரம் கரைந்துபோய், கடைசி நிமிடங்களில் காயைத் தொடாமல் உறைந்து உட்கார்ந்துவிட்டார். 37 நகர்வில் தோல்வி. மேட்சைக் கடைசியில் டை-பிரேக்கரில் டிங்தான் ஜெயித்தார் என்பது வேறு. கிளாசிக்கல் நேரத்திலேயே உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனால், இருபது நிமிட ரேபிட்டில் நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. நம் ஹால்களில் ஃபிரெஞ்ச் ஆடினால் எக்ஸ்சேஞ்ச் அடிக்கடி வரும், ஏனென்றால் வெள்ளைக்கு அது எதையும் படிக்காமல் ஆடக்கூடிய வழி. குகேஷே ஐந்தாவது ஆட்டத்தில் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதால் இப்போது தைரியமாக ஆடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிப்பாய்கள். குறைந்த ரேட்டிங் எதிராளியை அதில் ஜெயிப்பது கஷ்டம்.

ஃபிரெஞ்சிலிருந்து காரோ-கானுக்கு வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1960-இல் மாஸ்கோவில் டாலுக்கு எதிரான மேட்சின் முதல் ஆட்டத்தில் அப்போதைய உலக சாம்பியன் பாட்வின்னிக் ஃபிரெஞ்சின் வினாவர் கிளையை ஆடினார். அது அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. டால் ராணியை ஜி4-க்கு எடுத்து வந்து, நிலையைக் கலைத்துப்போட்டு 32 நகர்வில் ஜெயித்தார். பாட்வின்னிக் அதற்குப் பிறகு காரோ-கானுக்கு மாறினார். அந்த மேட்சை டாலிடம் இழந்தாலும் அந்தத் தொடக்கத்தை விடவில்லை. 1961 மறு மேட்சில் டால் மூன்றாவது நகர்வில் ஈ5 தள்ளிப் பார்த்தார், பாட்வின்னிக் சி5 என்று பதில் சொன்னார். 13–8 என்று பட்டம் திரும்பி வந்தது, பாட்வின்னிக்குக்கு அப்போது 49 வயது. கணக்குப் போட்டுத் தாக்குவதில் டாலுக்கு இணை கிடையாது. அவர் முன் வயதான ஒருவர் நம்பி நிற்கக்கூடிய தரை காரோ-கானில் இருந்தது.

ஈ4-க்கு சி6, டி4-க்கு டி5. ஃபிரெஞ்சைப் போலவே டி5-இல் மையத்தைக் கேட்கிறோம், ஆனால் சி8 பிஷப்பின் வழி திறந்தே இருக்கிறது. அதற்கு விலை இல்லாமல் இல்லை. சி சிப்பாய் பின்னால் சி5 போக வேண்டி வந்தால் ஒரு நகர்வு வீண். குதிரைக்கு சி6 கட்டமும் கிடையாது.

சென்னை மேட்சின் இரண்டாவது ஆட்டத்தை அவளுக்குப் பாடமாகக் கொடுத்தேன். வெள்ளை குதிரையை சி3-க்கு எடுக்கிறது, கறுப்பு ஈ4-இல் வெட்டுகிறது, குதிரை திருப்பி வெட்டுகிறது, பிஷப் எஃப்5. குதிரை ஜி3, பிஷப் ஜி6. வெள்ளை எச்4 தள்ளும், அதற்கு எச்6 கட்டாயம். இல்லையென்றால் எச்5 வந்து பிஷப் மாட்டிக்கொள்ளும். அப்புறம் பிஷப்பை டி3-இல் மாற்றிக்கொண்டு, ஈ6, குதிரை டி7, இன்னொரு குதிரை எஃப்6, கேஸ்லிங். ஆனந்த் ராணி பக்கம் கேஸ்லிங் செய்தார், கார்ல்சன் ராஜா பக்கம். சண்டை மூளும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, 18-ஆவது நகர்வில் ஆனந்த் ராணிகளை மாற்றிக்கொண்டார், 25-இல் டிரா. அன்று பலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் கறுப்புப் பக்கமிருந்து பாருங்கள். முதல் பதினைந்து நகர்வும் காரணத்தோடு வருகின்றன. எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ரேபிட்டில் அந்தப் பதினைந்தையும் இரண்டு நிமிடத்தில் ஆடிவிடலாம், மிச்ச நேரம் முழுக்க மிடில்கேமுக்கு.

பிஷப் எஃப்5-க்குப் பதில் நான்காவது நகர்வில் குதிரையை டி7-க்கு எடுக்கும் கிளையும் மதிப்புள்ளதுதான், கார்ப்போவ் நிறைய ஆடியிருக்கிறார். அவளுக்கு நான் அதைத் தொட வேண்டாம் என்றேன், இரண்டு காரணத்தால். வெள்ளை ஐந்தாவதாக ராணியை ஈ2-இல் வைத்து, நாம் கவனிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்தால், வெள்ளைக் குதிரை டி6-க்கு வந்து அங்கேயே செக்மேட். ஈ7 சிப்பாய் ராணியின் பார்வையில் கட்டுண்டிருப்பதால் வெட்ட முடியாது. ஆறாவது நகர்வில் ஆட்டம் காலி. இரண்டாவது காரணம் 1997 மே 11. டீப் புளூ கணினிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் காஸ்பரோவ் இதே டி7 கிளையில் ஏழாவதாக எச்6 தள்ளினார். ஜி5-இல் நின்ற குதிரை ஓடவில்லை. ஈ6-இல் பாய்ந்து தன்னைக் கொடுத்தது. 19 நகர்வில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போது காரோ-கானை வழக்கமாக ஆடாதவர், அன்று அதை எடுத்து, வரிசையில் ஒரு நகர்வை முன்னே பின்னே வைத்ததற்கு விலை அது. நம் பிள்ளைகளுக்கு பிஷப் எஃப்5 கிளை போதும்.

உண்மையில் நம் மட்டத்தில் அதிகம் வருவது மூன்றாவது நகர்வில் ஈ5 தள்ளும் அட்வான்ஸ் கிளை. இதற்குத்தான் நன்றாகத் தயாராக வேண்டும். பிஷப் எஃப்5 என்று பதில். இப்போது வெள்ளை எச்4 தள்ளினால் உஷார். வழக்கம்போல ஈ6 ஆடினால் ஜி4 வரும், பிஷப் ஈ4-க்கு ஓடும், எஃப்3 வரும், பிஷப் ஜி6-க்குத் திரும்பும், எச்5 வந்ததும் பிஷப்புக்குப் போக்கிடம் இல்லை. எச்4 பார்த்த உடனே எச்5 ஆடிவிட்டால் இந்தக் கதையே கிடையாது. இந்த ஒரு பதிலை மறக்காதவள் பாதி அட்வான்ஸ் கிளையைத் தாண்டிவிட்டாள். மீதி ஃபிரெஞ்ச் திட்டம்தான்: ஈ6, பிறகு சி5 தள்ளி டி4-ஐ அடிப்பது. வித்தியாசம், அந்தத் தொல்லை பிடித்த பிஷப் ஏற்கெனவே வெளியே இருக்கிறது. அவள் ஃபிரெஞ்சில் விரும்பியது இதிலும் கிடைக்கிறது.

டி5-இல் வெட்டும் எக்ஸ்சேஞ்ச் கிளை இங்கே ஃபிரெஞ்சைப் போல வறட்சியானது இல்லை. வெள்ளைக்கு ஈ வரிசை, நமக்கு சி வரிசை. அமைப்பு சமச்சீராக இல்லாததால் இரண்டு பக்கமும் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது. ராணி பக்கத்தில் பி சிப்பாயை பி5, பி4 என்று தள்ளி வெள்ளையின் சி3-ஐப் பலவீனமாக்குவது நம் திட்டம். எச்சரிக்கைக்கு ஒரு ஆட்டம்: 1970-இல் பெல்கிரேடில் ஃபிஷர் இந்தக் கிளையில் பெட்ரோசியனைத் தோற்கடித்தார். பெட்ரோசியன் போன்ற தடுப்பாட்டக்காரரே திணறினார் என்பதால், கறுப்பு சும்மா நின்றால் வெள்ளையின் ராஜா பக்கத் தாக்குதல் எவ்வளவு இயல்பாக வரும் என்பது அதில் புரியும்.

கைபேசியில் நிலையை எடைபோடும் செஸ் இன்ஜினைத் திறந்து பார்க்கும் அப்பாக்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "காரோ-கானில் வெள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் காட்டுதே சார்?" ஆமாம், காட்டும். ஃபிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் கூட்டியே காட்டும். 1500-க்கும் 1700-க்கும் நடுவே நடக்கும் ஆட்டங்களை முடிவு செய்வது அந்தத் தசமப் புள்ளி இல்லை. இருபத்தைந்தாவது நகர்வில் யார் காயை இலவசமாக விடுகிறார் என்பதுதான் முடிவு செய்கிறது. தனக்குப் பழகிய நிலையில், கையில் நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காயை விடுவது குறைவு.

அதனால் என் தீர்ப்பு இப்படி. ரேபிட் அதிகம் ஆடும், படிப்புக்கு நடுவே செஸ் வைத்திருக்கும் பிள்ளைக்கு காரோ-கான். ஒன்றிரண்டு வருடம் கழித்து கிளாசிக்கல் போட்டிகளுக்குப் போகும் நிலை வந்தால் இரண்டாவது ஆயுதமாக ஃபிரெஞ்ச். காரோ-கானின் அட்வான்ஸ் கிளை பழகியவருக்கு ஃபிரெஞ்சில் பாதி தூரம் ஏற்கெனவே கடந்த பாதை. இயல்பிலேயே பொறுமைசாலி, குறுகிய இடத்தில் காய்களைச் சுற்றிக் கொண்டுபோவதில் சுகம் காண்பவர் என்றால் நேராக ஃபிரெஞ்சையே எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் ஈ5-லேயே இருக்கட்டும். அவர்களை காரோ-கானில் போட்டால் பாதுகாப்பாக ஆடப் பழகிவிடுவார்கள், அடிபட்டுக் கற்க வேண்டியதைக் கற்க மாட்டார்கள். சிசிலியன் முழுநேரமாக இறங்குபவர்களுக்கு.

அக்கா மகளுக்குக் கொடுத்த வேலை இது: முதலில் அட்வான்ஸ் கிளை மட்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் வரும். லிச்செஸ் இணையதளத்தில் தினமும் இரண்டு ஆட்டம், பத்து நிமிடத்துக்குக் குறையாமல். ஓரிரு நிமிடத்தில் முடியும் புல்லட் ஆட்டம் கூடாது. தோற்ற ஆட்டங்களில் பிஷப் எங்கே நின்றது, சி5 எப்போது தள்ளினாள் என்று நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் சென்னை ஆட்டம், அப்புறம் ஃபிஷர் ஆட்டம். 1961 மேட்சில் டாலும் பாட்வின்னிக்கும் ஆடிய காரோ-கான்களைக் கடைசியில் பார்த்தால் போதும், அவை கொஞ்சம் கடினம்.

வெள்ளை ஈ4-க்குப் பதில் டி4-இல் தொடங்கினால் அவள் இப்போது கிங்ஸ் இந்தியன் என்ற தடுப்பை ஆடுகிறாள். அதையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று கேட்டாள். கேள்வி சரியானது, ஏனென்றால் டி4-க்கு டி5, சி6 என்று ஸ்லாவ் அமைப்பில் நின்றால் காரோ-கானில் பழகிய அதே சிப்பாய்கள்தான், உழைப்பு பாதியாகும். அதன் உறவான செமி-ஸ்லாவில் 2008-இல் பான் நகரில் ஆனந்த் கிராம்னிக்கைக் கறுப்பில் இரண்டு முறை தோற்கடித்த ஆட்டங்களையும் அப்போது காட்டலாம். ஆனால் இரண்டு பதிலையும் ஒரே சமயத்தில் மாற்றினால் இரண்டிலும் தடுமாறுவாள். முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை கிங்ஸ் இந்தியனே இருக்கட்டும், கோடை விடுமுறையில் ஸ்லாவைத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.